சொந்தப் பாட்டு ஒன்றுகூட இல்லாத டிலன் தொகுப்பு: ‘வேர்ல்ட் கான் ராங்’ (1993)

மழைக்காலன் | பதிவு 1

பாப் டிலனைப் பற்றி இங்கே பல இழைகள் ஓடியிருக்கின்றன. எல்லாம் அறுபதுகளில் தொடங்கி 2016 நோபலில் வந்து நிற்கும். 1993 அக்டோபரில் வெளிவந்த ‘வேர்ல்ட் கான் ராங்’ பற்றித் தனியாக யாரும் பேசவில்லை. அவருடைய தொகுப்புகளில் எனக்கு மிக நெருக்கமானது அதுதான். அதனால் இதைத் தொடங்குகிறேன்.

கேட்காதவர்களுக்காகச் சுருக்கமாக: மொத்தம் பத்துப் பாட்டு. ஒன்றுகூட அவர் எழுதியது இல்லை. எல்லாம் பழைய அமெரிக்க நாட்டுப்பாடல்களும், கறுப்பின மக்களிடமிருந்து வந்த ப்ளூஸ் பாட்டுகளும். அந்த ஆண்டு மே மாதம், கலிபோர்னியாவில் மாலிபுவில் உள்ள தன் வீட்டு கேரேஜில் வைத்துப் பதிவு செய்தார். கூட வாசிக்க யாரும் இல்லை. ஒரு கிதார், ஆங்காங்கே மௌத் ஆர்கன், 52 வயதுக் குரல். அவ்வளவுதான்.

அப்போது அவர் இருந்த நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1990இல் ‘அண்டர் த ரெட் ஸ்கை’ வந்தது. அடுத்துப் புதிதாக எழுதிய பாட்டுகளோடு ஒரு தொகுப்பு வர 1997 ஆகிவிட்டது. முழுதாக ஏழு வருடம். அந்த இடைவெளியில் 1992இல் ‘குட் ஆஸ் ஐ பீன் டு யூ’, 1993இல் இது. இரண்டுமே பிறர் பாட்டு. அறுபதுகளில் வருடத்துக்கு இரண்டு தொகுப்பு எழுதிய ஆள் இப்படி வாயை மூடிக்கொண்டால், ஊற்று வற்றிவிட்டது என்றுதானே எவருக்கும் தோன்றும்? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். கிணறு வற்றினால் இறங்கித் தூர் வாருவோமே, அதைத்தான் அந்த கேரேஜில் உட்கார்ந்து செய்திருக்கிறார். 1962 மார்ச்சில் வந்த அவருடைய முதல் தொகுப்பிலும் சொந்தப் பாட்டு இரண்டே இரண்டுதான். மீதியெல்லாம் புக்கா வைட், பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் போன்றவர்கள் பாடியதும், பரம்பரையாக வந்ததும். இருபது வயதில் எந்த மண்ணில் முளைத்தாரோ, ஐம்பதைத் தாண்டி அங்கேயே திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

நான் இதைப் பழைய குறுந்தட்டாக வாங்கினேன். வாங்கிய அன்று பாட்டைவிட உள்ளட்டையில் அவரே எழுதியிருந்த குறிப்புதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பொடி எழுத்தில், மூச்சுவிடாமல், ஒவ்வொரு பாட்டும் யாரிடமிருந்து வந்தது, அதில் தனக்கு என்ன தெரிகிறது என்று எழுதிக்கொண்டே போகிறார். எந்தப் பேட்டியிலும் இவ்வளவு மனம்விட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

கேட்டவர்கள் சொல்லுங்கள். எந்தப் பாட்டு, ஏன்?

தகரப்பெட்டி | பதிவு 2

மழைக்காலன், உங்கள் ஈடுபாடு புரிகிறது. ஆனால் எனக்கு உடன்பாடில்லை.

‘ப்ரோக் டவுன் எஞ்சின்’ கேட்க வேண்டுமானால் பிளைண்ட் வில்லி மெக்டெல் 1931இல் பாடியதைக் கேட்பேன். தலைப்புப் பாட்டும் ‘பிளட் இன் மை ஐஸ்’ பாட்டும் மிசிசிப்பி ஷேக்ஸ் குழுவினுடையவை. அவையும் 1931ஆம் வருடத்துப் பதிவுகள்தாம், இன்றும் கிடைக்கின்றன. மூலம் கையில் இருக்கும்போது நகல் எதற்கு?

இன்னொன்று, இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம். முந்தைய வருடத் தொகுப்பில் எல்லாப் பாட்டுக்கும் ‘பரம்பரைப் பாடல், இசையமைப்பு டிலன்’ என்று போட்டுவிட்டார். அதில் உள்ள ‘கனடீ-ஐ-ஓ’வை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் நிக் ஜோன்ஸ் 1980இல் ‘பெங்குவின் எக்ஸ்’ தொகுப்பில் பாடியதைக் கேட்டுவிட்டு டிலனுடையதைக் கேளுங்கள். யார் யாரிடமிருந்து கற்றார் என்பது காதுக்கே தெரியும். நிக் ஜோன்ஸ் 1982இல் கார் விபத்தில் சிக்கி, மேடை வாழ்க்கையே போய், கஷ்டத்தில் இருந்த மனிதர். அவர் பெயரை ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

மழைக்காலன் | பதிவு 3

நிக் ஜோன்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். பெயர் போட்டிருக்க வேண்டும்.

அதனால்தான் 1993ஆம் வருடக் குறிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘டூ சோல்ஜர்ஸ்’ பாட்டைத் தனக்குக் காட்டியவர் ‘கிரேட்ஃபுல் டெட்’ குழுவின் ஜெர்ரி கார்சியா என்று எழுதுகிறார். ஹேசல் டிக்கன்ஸும் ஆலிஸ் ஜெரார்டும் பாடுவதையும் அங்கேயே குறிப்பிடுகிறார். ‘லவ் ஹென்றி’, ‘ஜாக்-எ-ரோ’ இரண்டும் டாம் பேலியிடமிருந்து. ‘ஸ்டாக் எ லீ’ ஃபிராங்க் ஹட்சிசன் பாடிய விதம். ‘லோன் பில்கிரிம்’ டாக் வாட்சனின் பழைய இசைத்தட்டிலிருந்து. ‘ராகட் அண்ட் டர்ட்டி’க்கு எழுதியது எனக்கு மிகவும் பிடிக்கும்: வில்லி பிரௌன்களில் ஒருவர் பாடியது என்கிறார். 1942இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்த அந்த வில்லி பிரௌன் யார், மிசிசிப்பி ப்ளூஸ் பாடகர் சார்லி பாட்டனுக்குக் கூட வாசித்தவர்தானா, வேறு ஆளா என்று ஆய்வாளர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கையே அரை வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்.

முந்தைய தொகுப்புக்கு வந்த குறைகளுக்குப் பதிலாக இதை எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எழுதினார்.

புதுச்செவி | பதிவு 4

அண்ணா, நான் இப்போதுதான் இந்த மாதிரி இசைக்குள் நுழைகிறேன். நேற்று இரவு முழுத் தொகுப்பும் கேட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், குரலைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. வார்த்தை பாதிதான் காதில் விழுகிறது. யாரோ யாரையோ கொல்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. எங்கே தொடங்குவது? ஒரே ஒரு பாட்டு சொல்லுங்கள்.

வடகரை வேணி | பதிவு 5

தம்பி, ‘டிலியா’வில் தொடங்குங்கள். ஐந்தரை நிமிடத்துக்கு மேல் போகும். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அதற்கு முன் நடந்த கதையைத் தெரிந்துகொண்டால் நல்லது. ஜார்ஜியா மாநிலத்தில் சவானா நகரம், யாமக்ரா என்ற கறுப்பின மக்கள் வாழும் பகுதி. 1900ஆம் வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. டிலியா கிரீன் என்ற 14 வயதுப் பெண்ணை மோசஸ் ஹூஸ்டன் என்ற பையன் சுட்டுவிட்டான். அவனுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. இருவரும் பழகியவர்கள், வாய்த்தகராறு, கையில் துப்பாக்கி. கிறிஸ்துமஸ் அன்று அவள் இறந்துபோனாள். பையனுக்கு ஆயுள் தண்டனை. பன்னிரண்டு வருடம் போல உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தான். டிலியாவைப் புதைத்த இடத்தில் நெடுங்காலம் ஒரு கல்கூட இல்லை.

நம் ஊரில் கொலைச் சிந்து என்று அச்சடித்துச் சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்பார்களே, அந்த மாதிரி இந்தச் செய்தியும் பாட்டாகிக் கைமாறிக் கைமாறிப் போனது. மெக்டெல் பாடினார், பஹாமாஸில் பாடினார்கள், ஜானி கேஷ் பாடினார். கைமாறும்போது என்ன ஆகுமோ அது ஆயிற்று. 14 வயதுக் குழந்தை சூதாடியாகிவிட்டாள். பையன் பெயர் கர்ட்டிஸ் ஆகிவிட்டது. ஆயுள் தண்டனை தொண்ணூற்றொன்பது வருடம் ஆகிவிட்டது. கேஷ் பாடிய வடிவத்தில் கொன்றவனே தன் வாயால் கதை சொல்கிறான், எனக்கு அதை ஒரு தடவைக்கு மேல் கேட்க முடியவில்லை.

டிலன் பாடுவதில் அவள் குழந்தை என்று எந்த வரியும் சொல்லவில்லை. ஆனால் பாடுகிற விதத்தில் அது தெரிகிறது. ஊருக்குப் போன அம்மா திரும்பி வருவதற்குள் பெண் போய்விட்டாள். அப்பா அழுகிறார், அம்மா புலம்புகிறாள்: வீட்டில் கிடந்து செத்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். இந்த வரியை அவர் குரலை உயர்த்தாமல், யாரோ பக்கத்து அறையில் தூங்குவது போலத் தணித்துப் பாடுகிறார். அப்புறம் அந்தத் தகரக் குவளை. கர்ட்டிஸ் சிறையில் உட்கார்ந்து ஒரு பழைய தகரக் குவளையில் குடித்துக்கொண்டிருக்கிறான். டிலியா இடுகாட்டில் கிடக்கிறாள், எழுந்து வரப்போவதில்லை. இரண்டே வரி. அவன் தண்ணீர் குடிக்கிறான், அவள் குடிக்க மாட்டாள். நீதி நியாயம் எல்லாம் அந்தக் குவளைக்குள் இருக்கிறது.

ஒவ்வொரு சரணமும் முடிந்ததும், எனக்கு இருந்த நண்பர்கள் எல்லோரும் போய்விட்டார்கள் என்று ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். அதை யார் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டே கேளுங்கள். டிலியாவா, கர்ட்டிஸா, வேறு யாராவதா?

ஆறுகம்பி | பதிவு 6

வேணி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வேலையை அப்படியே வைத்துவிட்டு ‘டிலியா’வைக் கேட்டேன். நன்றி.

நான் கிதார் பக்கத்திலிருந்து பேசுகிறேன். தகரப்பெட்டி சாருக்கு ஒரு வார்த்தை: இது நகல் இல்லை. நான் இரண்டையும் வாசித்துப் பார்த்தவன்.

‘பிளட் இன் மை ஐஸ்’ எடுத்துக்கொள்வோம். மிசிசிப்பி ஷேக்ஸ் நடனங்களுக்கு வாசித்த குழு. லானி சாட்மன் வயலின், வால்டர் வின்சன் கிதார். அவர்கள் பதிவில் வயலின்தான் முன்னால் நிற்கும். கால் தானாகத் தாளம் போடும். டிலனிடம் வயலின் இல்லை. அந்த வயலின் இருந்த இடத்தை அவர் நிரப்பவே இல்லை, காலியாக விட்டுவிட்டு வேகத்தையும் குறைத்துவிடுகிறார். என்ன நடக்கிறதென்றால், நடனத்தில் காதில் விழாமல் போன கதை இப்போது விழுகிறது. காசு கேட்கிற ஒரு பெண், அவளைக் காசு கொடுத்தாவது அடைய நினைக்கிற ஒருவன். அவன் வீட்டுக்குப் போய் டை கட்டிக்கொண்டு திரும்பி வருகிறான். காசுக்குக் கிடைக்கிற பெண்ணைப் பார்க்கப் போகிறவனுக்கு டை எதற்கு? ஷேக்ஸ் பாடும்போது அது ஒரு வேடிக்கை வரி. டிலன் பாடும்போது அந்த ஆள் கண்ணாடி முன்னால் நிற்பது தெரிகிறது, பாவமாக இருக்கிறது.

புதுச்செவி, ப்ளூஸ் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்துகொள்ள ‘ப்ரோக் டவுன் எஞ்சின்’ நல்ல பாடம். முதல் அடியைச் சொல்வார். அதே அடியை மறுபடி சொல்வார். மூன்றாவது அடி அதற்குப் பதில். பழுதாகி நிற்கிற எஞ்சின் மாதிரி இருக்கிறேன், ஓட்டும் சக்கரம் இல்லை. இதையே இரண்டு முறை. பிறகு, நீங்களும் தனியாகக் கிடந்து தவித்திருந்தால் இந்த ஏழையின் நிலை தெரியும் என்று மூன்றாவது. இரண்டாம் முறை சொல்லும்போது கேட்பவர் மூன்றாவதற்காகக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் கிதார் பேசும். மெக்டெல் பன்னிரண்டு கம்பிக் கிதார்க்காரர். கதவைத் தட்டுகிறேன் என்று பாடும் இடத்தில் கிதார்ப் பலகையையே தட்டுவார். இன்னொரு இடத்தில் கடவுளிடம், நான் மதம் கேட்டு அழவில்லை, என் பெண்ணைத் திருப்பிக் கொடு என்பார். இதைவிட நேராக ஒரு பிரார்த்தனை எங்கே இருக்கிறது?

டிலன் விரல் சில இடத்தில் வழுக்கும். கம்பி அதிரும். ஸ்டுடியோவில் திரும்ப எடுத்திருந்தால் அதெல்லாம் போயிருக்கும். எடுக்காமல் விட்டதற்கு நன்றி.

தகரப்பெட்டி | பதிவு 7

டை விஷயம் நான் கவனித்ததே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். ஒப்புக்கொள்கிறேன், நகல் என்ற சொல் தவறு.

ஆனால் பெயர் விஷயத்தை விட மாட்டேன். 1993இல் பெயர் சொன்னார், சரி. 2006இல் ‘மாடர்ன் டைம்ஸ்’ வந்தது. அதில் ‘ரோலின் அண்ட் டம்ப்ளின்’ இருக்கிறது. 1929இல் ஹாம்போன் வில்லி நியூபர்ன் பதிவு செய்தது, 1950இல் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாடியது. ராகமும் முதல் அடியும் அப்படியே. சரணங்கள் பெரும்பாலும் டிலனுடையவை, உண்மைதான். ஆனால் சொல்லும் இசையும் முழுக்க டிலன் என்றுதான் அட்டையில் இருக்கிறது. பாடம் படித்தவர் பதின்மூன்று வருடத்தில் மறந்துவிட்டாரா? அதுவும் இந்தப் பாட்டுகளை உண்டாக்கிய கறுப்பினக் கலைஞர்கள் பலர் காசும் பெயரும் இல்லாமல் போனவர்கள். மடி வாட்டர்ஸும் பழைய பாட்டைத் தன் பெயரில் போட்டுக்கொண்டவர்தான் என்று யாராவது சொல்லக்கூடும். அவர் நிலை வேறு, டிலன் நிலை வேறு.

நூலகத்தெரு | பதிவு 8

வழக்கம்போல் தாமதமாக வருகிறேன். இரண்டு விஷயம்.

தகரப்பெட்டி சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். டிலனுக்கு இது பழைய பழக்கம்தான். முதல் தொகுப்பில் ‘ஹௌஸ் ஆஃப் த ரைசிங் சன்’ பாட்டை நியூயார்க் நாட்டுப்பாடகர் டேவ் வான் ராங்க் அமைத்த விதத்தில் பாடிப் பதிவு செய்துவிட்டு, பிறகுதான் அவரிடம் போய்ச் சொன்னார். வான் ராங்க் தானே அதைப் பதிவு செய்ய வைத்திருந்தார். அந்த மனத்தாங்கல் பற்றி அவரே பேசியிருக்கிறார்.

ஆனால் கறுப்பு, வெள்ளை என்று இந்தப் பாட்டுகளைப் பிரிப்பது கடினம். ‘ஸ்டாக் எ லீ’யைப் பாருங்கள். 1895 கிறிஸ்துமஸ் இரவு, செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு மதுக்கடை. லீ ஷெல்டன், பில்லி லயன்ஸ் இருவரும் குடித்துக்கொண்டிருந்தார்கள், இருவருமே கறுப்பினத்தவர். பேச்சு முற்றியது. லயன்ஸ் ஷெல்டனின் தொப்பியைப் பறித்துக்கொண்டார். கேட்டும் தரவில்லை. ஷெல்டன் சுட்டார், தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்து போனார். அவ்வளவுதான் நடந்தது. ஷெல்டனுக்கு 25 வருடத் தண்டனை, 1909இல் வெளியே வந்தார், மறுபடி உள்ளே போய் 1912இல் சிறையிலேயே இறந்தார். அதற்குள் அவர் பெயர் பாட்டாகி நாடு முழுக்கப் போயிருந்தது.

டிலன் எடுத்துக்கொண்ட வடிவம் 1927இல் ஃபிராங்க் ஹட்சிசன் பாடியது. அவர் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர். கறுப்பினத்தவரிடமிருந்து கிதார் கற்றவர். செயின்ட் லூயிஸ் மதுக்கடைத் தகராறு முப்பது வருடத்தில் சுரங்க மலைக்கு எப்படி ஏறிப் போனது என்று நினைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம், ஷேக்ஸ் குழு கறுப்பினத்தவர்கள், வெள்ளையர் வீட்டு நடனங்களுக்கும் போய் வாசித்தார்கள். கம்பெனிகள்தான் வெள்ளையருக்கு ஒரு வரிசை, கறுப்பினத்தவருக்கு ஒரு வரிசை என்று இசைத்தட்டைப் பிரித்து விற்றன. 1952இல் ஹாரி ஸ்மித் 84 பழைய பதிவுகளைத் திரட்டி ஃபோக்வேஸ் கம்பெனி மூலம் வெளியிட்டபோது, பாடகர்களின் நிறத்தை எங்கேயும் குறிக்கவில்லை. ஹட்சிசனின் ‘ஸ்டாக்கலீ’ அதில் இருக்கிறது. டிலன் தலைமுறைக்கு அந்தத் திரட்டுதான் பாடப்புத்தகம்.

குறிப்பில் டிலன் இந்தப் பாட்டைப் பற்றி எழுதியதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் மெச்சுவதால் யாரும் சாகாவரம் பெறுவதில்லை, இதுதான் பாட்டு சொல்வது என்கிறார். முப்பது வருடம் ஊர் மெச்சியே வாழ்ந்த மனிதர் அதை எழுதியிருக்கிறார்.

புதுச்செவி | பதிவு 9

வேணி அக்கா, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று முறை கேட்டேன். இப்போது குரல் தடையாக இல்லை. நண்பர்கள் போய்விட்டார்கள் என்று சொல்வது கர்ட்டிஸ் என்றுதான் நினைக்கிறேன். சிறையில் தனியாக இருப்பவன் அவன்தானே.

‘லவ் ஹென்றி’யும் கேட்டேன். அந்தக் கிளி! காதலனைக் கொன்று கிணற்றில் தள்ளிய பெண், தன் முழங்காலில் வந்து உட்காரச் சொல்லிக் கிளியைக் கூப்பிடுகிறாள். சொந்தக் காதலனையே கொன்றவள் என்னைப் போன்ற சின்னப் பறவையை விட்டுவைப்பாயா என்று அது வர மறுக்கிறது. நடு இரவில் ஹெட்ஃபோனில் கேட்டு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மழைக்காலன் | பதிவு 10

புதுச்செவி, அந்தக் கிளி ஸ்காட்லாந்திலிருந்து கடல் தாண்டி வந்தது. ‘யங் ஹண்டிங்’ என்ற பழைய கதைப்பாட்டின் அமெரிக்க வடிவம் அது. குடியேறியவர்களோடு கப்பலேறி, அப்பலாச்சிய மலைகளில் தங்கிவிட்டது.

தகரப்பெட்டி கேட்ட கேள்வியை நான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். 2006இல் நியூபர்ன் பெயர் இல்லாதது தவறுதான். அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று. 2015 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் மியூசிகேர்ஸ் விருது வாங்கும்போது டிலன் நீளமாகப் பேசினார். தன் பாட்டுகள் ஆகாயத்திலிருந்து விழவில்லை, நாட்டுப்பாடல்களைப் பாடிப் பாடித்தான் எழுதக் கற்றேன் என்றார். ‘ஜான் ஹென்றி’ என்ற பழைய நாட்டுப்பாடலை என்னைப் போல் அத்தனை முறை பாடியிருந்தால், மனிதன் எத்தனை சாலைகள் நடக்க வேண்டும் என்ற வரியை (அவருடைய ‘ப்ளோயின் இன் த விண்ட்’ பாட்டின் முதல் வரி) நீங்களும் எழுதியிருப்பீர்கள் என்றார். 2017 நோபல் உரையிலும் முதலில் இந்தப் பாட்டுகளின் மொழியைக் கற்றதைச் சொல்லிவிட்டுத்தான் புத்தகங்களுக்கு வந்தார். ஸ்டாகர் லீ (நம் ‘ஸ்டாக் எ லீ’தான்) கெட்டவன், ஃபிராங்கி (இன்னொரு பழைய கொலைப்பாட்டின் பெண்) நல்லவள் என்பது ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பிய அந்த உரையிலேயே இருக்கிறது.

இந்த கேரேஜ் பதிவுக்கு நான்கு வருடம் கழித்து ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ வந்தது. 1998 கிராமியில் அந்த வருடத்தின் சிறந்த தொகுப்பு. அதன் கடைசிப் பாட்டு ‘ஹைலேண்ட்ஸ்’, பதினாறரை நிமிடம், கிதார் மெட்டு சார்லி பாட்டனிடமிருந்து எடுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் தொகுப்பில் பாடுகிற ஆள் யார்? நடந்துகொண்டே இருக்கிறான், எல்லோரும் போய்விட்டார்கள், கதவு மூடிக்கொண்டே வருகிறது. ‘டிலியா’வைப் பாடிய குரல்தான். 1990இல் இருந்தவரால் அதை எழுதியிருக்க முடியாது என்பது என் துணிபு.

ஆறுகம்பி | பதிவு 11

தலைப்புப் பாட்டை எல்லோரும் விட்டுவிட்டோம். உலகம் கெட்டுப்போய்விட்டது என்றால் போர், அரசியல் என்று ஏதோ பெரிதாக எதிர்பார்ப்போம். கேட்டுப் பார்த்தால் வீட்டுச் சண்டை. கூட இருந்தவள் போகச் சொல்லிவிட்டாள். முன்பு போல் நல்லவனாக இருக்க முடியவில்லை, உலகம் கெட்டுவிட்டது என்கிறான். ஒருவன் வீட்டு வாசலில் நிற்கிறான், அவனுக்கு அதுதான் உலகம். கிதார் அதில் ஒரு இடத்தில்கூட அலங்காரம் செய்யாது. நானும் அப்படி வாசிக்க முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறேன். கையைக் கட்டிப்போடுவதுதான் கஷ்டம்.

வடகரை வேணி | பதிவு 12

புதுச்செவி, கர்ட்டிஸ் என்றால் கடைசி இரண்டு சரணத்தை என்ன செய்வீர்கள்? டிலியா, டிலியா, இது எப்படி, அந்தத் தறுதலைகளையெல்லாம் விரும்பினாய், என்னை விரும்பவில்லையே என்று ஒரு குரல் வருகிறது. நீதிமன்றத்தில் கர்ட்டிஸ் வேறு மாதிரி பேசுகிறான்: அந்தத் தறுதலைகள் என்னை ஓரங்கட்டப் பார்த்தார்கள் என்கிறான். கடைசியில் பேசுபவன் மூன்றாமவன் என்று எனக்குப் படுகிறது. அவளை விரும்பியும் அவள் கண்ணில் படாத எவனோ ஒருவன். கதை முழுக்க அவன் ஓரமாக நின்று பார்த்திருக்கிறான். டிலன் குறிப்பில் இது போலி விசுவாசம் பற்றிய பாட்டு போலத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். அது இவனுடையதா, அவள் நண்பர்களுடையதா என்று சொல்லவில்லை.

நூலகத்தெரு | பதிவு 13

பழைய வடிவங்களில் அந்த வரிகள் இடம் மாறி மாறி வரும். பல வடிவங்களை ஒன்றாகத் தைத்ததால் குரல்கள் கலந்திருக்கலாம். டிலனே இரண்டு மூன்று வடிவங்களைச் சேர்த்துத்தான் பாடினேன் என்கிறார்.

வடகரை வேணி | பதிவு 14

தைத்தது இருக்கட்டும் சார். எந்தத் துண்டைக் கடைசியில் வைப்பது என்று அவர்தானே முடிவு செய்தார்? அதை அந்த ஓரத்தில் நின்றவனிடம் கொடுத்திருக்கிறார்.

தகரப்பெட்டி | பதிவு 15

நான் முதலில் எதிர்க்க வந்தவன். கடைசிப் பாட்டு ‘லோன் பில்கிரிம்’ பற்றி எழுதாமல் போக மனம் வரவில்லை.

ஜோசப் தாமஸ் என்ற ஊர் ஊராகப் போகும் பிரசங்கி, வெள்ளை அங்கி உடுத்திக்கொண்டு நடந்தவர். 1835இல் நியூ ஜெர்சியில் அம்மை கண்டு இறந்தார். மனைவி, பிள்ளைகள் எங்கோ தொலைவில். அவர் கல்லறை பற்றி எழுதிய கவிதைதான் பிறகு ‘சேக்ரட் ஹார்ப்’ துதிப்பாடல் மரபில் பாட்டானது. தெற்கே ஊர்கூடி உரத்த குரலில் பாடுகிற மரபு அது. ஒருவன் கல்லறைக்கு வந்து நிற்கிறான். உள்ளிருந்து தாழ்ந்த குரல் பேசுகிறது: இங்கே தனியாக நிம்மதியாகத் தூங்குகிறேன், என் துணையிடமும் பிள்ளைகளிடமும் அழ வேண்டாம் என்று சொல்லிவிடு.

கொலை, சிறை, போர் என்று ஒன்பது பாட்டு பாடிவிட்டு இங்கே வந்து நிற்கிறார். கிதாரைத் தொட்டும் தொடாமலும் வாசிக்கிறார். பல மூலங்களை இசைத்தட்டில் தேடித் தேடிச் சேர்த்தவன் நான். டாக் வாட்சன் பாடியதும் என்னிடம் இருக்கிறது, அது தெளிவான, அழகான குரல். டிலனுடையதில் கல்லறைக்குள்ளிருந்து பேசுவது போலவே இருக்கிறது. என் அப்பா வேலைக்குப் போன ஊரிலேயே இறந்து, அங்கேயே அடக்கம் ஆனவர். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இந்தப் பாட்டை நேற்றுதான் வரிகளோடு கேட்டேன். இத்தனை வருடம் கேட்காமல் வைத்திருந்திருக்கிறேன்.

மழைக்காலன் | பதிவு 16

தகரப்பெட்டி, இதை எங்களிடம் சொன்னதற்கு நன்றி.

புதுச்செவி | பதிவு 17

நான் இன்று ‘டூ சோல்ஜர்ஸ்’ கேட்டேன். இரண்டு சிப்பாய்கள். ஒருவன் தன் காதலிக்கும் மற்றவன் தன் அம்மாவுக்கும் செய்தி சொல்லிவைக்கிறார்கள். நீ விழுந்தால் நான் எழுதுகிறேன், நான் விழுந்தால் நீ எழுது. இருவருமே விழுந்துவிடுகிறார்கள். கடிதம் எழுத ஆள் இல்லை. பாட்டு அங்கேயே நிற்கிறது.

அண்ணா, டிக்கன்ஸும் ஜெரார்டும் சேர்ந்து பாடியது எந்தத் தொகுப்பில் இருக்கிறது? இன்று இரவே கேட்க வேண்டும்.